அப்பாவுக்கு மருந்து ஊசி போட்டு வயிற்று ஸ்கேன்: கோபியிலிருந்து வந்த கேள்விக்குப் பதில்

கோபிப் பக்கத்திலிருந்து ஒரு மகள் கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு 62 வயது, தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் நெல்லும் மஞ்சளும் வைக்கிற விவசாயி. சர்க்கரை வந்து பன்னிரண்டு வருடம். மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்த மாத்திரை சாப்பிடுகிறார். மூன்று மாதமாக மேல்வயிற்றில் வலி, எடையும் குறைந்திருக்கிறது. ஈரோட்டு டாக்டர் 'சி.இ.சி.டி. அப்டமன்', அதாவது நரம்பில் மருந்து ஊசி போட்டு எடுக்கிற வயிற்று சி.டி. ஸ்கேன், என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் (கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவு) 1.4. "அந்த மருந்து கிட்னியை அடிச்சுப் போடும், சாதா ஸ்கேனே போதும்னு சொல்லு" என்று பெரியப்பா தடுக்கிறார். கதிர்வீச்சை நினைத்தும் பயம். என்ன செய்வது?

நான் டாக்டர் இல்லை. ஈரோட்டிலும் கோவையிலுமாகப் பத்தொன்பது வருடம் சி.டி. அறையில் டெக்னீஷியன் வேலை. கையில் ஊசி ஏற்றுவதும், மேஜையில் படுக்க வைப்பதும், "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று சொல்வதும் நான்தான். யாருக்கு எந்த ஸ்கேன், மருந்து போடலாமா வேண்டாமா என்பதை உங்கள் டாக்டரும் சென்டரில் ஸ்கேன் படம் பார்த்து ரிப்போர்ட் எழுதுகிற டாக்டரான ரேடியாலஜிஸ்டும் முடிவு செய்வார்கள். ஆனால் அந்த முடிவு சரியாக அமைய அவர்களிடம் என்னென்ன விவரம் போய்ச் சேர வேண்டும் என்பதை தினமும் பார்க்கிறேன். இத்தனை வருடத்தில் நான் பார்த்த சிக்கல்களில் பெரும்பாலானவை மெஷினாலோ மருந்தாலோ வந்தவை இல்லை. சொல்ல வேண்டிய ஒன்றை யாரோ சொல்லாமல் விட்டதால் வந்தவை.

முதலில் பெரியப்பா சொல்வதைப் பார்ப்போம். சாதா ஸ்கேன் போதாதா?

சி.டி.யை உருவாக்கியவர் இங்கிலாந்தின் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்ட். 1971-ல் முதல் நோயாளியைப் படம் எடுத்தார்கள். 1979-ல் ஆலன் கார்மாக்கோடு சேர்ந்து நோபல் பரிசு வாங்கினார். படத்தில் ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு கருப்பு, எவ்வளவு வெள்ளை என்பதற்கு அவர் பெயரில்தான் இன்றும் அளவு சொல்கிறோம். தண்ணீர் 0, காற்று மைனஸ் 1000, கொழுப்பு ஏறக்குறைய மைனஸ் 100. மருந்து போடாத கல்லீரல் சுமார் 55, 60. அதற்குள் ஒரு கட்டி இருந்து அது 45 என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு இரண்டும் ஒரே சாம்பல்தான். கணையமும் அதை ஒட்டி ஓடுகிற ரத்தக் குழாயும் குடலும் அதே சாம்பலில் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். மருந்து என்பது அயோடின் கலந்த ஒரு திரவம். ஐயோஹெக்ஸால், ஐயோபமிடால் போன்ற பெயர்களில் வரும். அயோடின் எக்ஸ்-ரே கதிரைத் தடுப்பதால், ரத்தம் எங்கெல்லாம் போகிறதோ அங்கெல்லாம் படம் வெளுக்கும். கல்லீரல் நூறைத் தாண்டி வெளுத்து நிற்கும்போது, ரத்தம் குறைவாக வாங்குகிற கட்டி கருப்பாகத் தனித்துத் தெரியும்.

இதில் நேரம்தான் முக்கியம். உங்கள் அப்பாவுக்கு இது சொன்னால் உடனே புரியும். கொடிவேரியில் மதகு திறந்தால் தலைமடை வயலுக்குத் தண்ணீர் எப்போது வரும், கடைமடைக்கு எப்போது வரும் என்று அவருக்குத் தெரியும். உடம்பிலும் அப்படித்தான். கையில் மருந்து ஏறி 30, 35 விநாடியில் தமனிகள் வெளுக்கும். 70 விநாடி வாக்கில் குடலைச் சுற்றி வந்த ரத்தம் போர்டல் சிரை வழியாகக் கல்லீரலை நிரப்பும். ஐந்து, பத்து நிமிடம் கழித்து மருந்து சிறுநீரகத்திலிருந்து இறங்கிச் சிறுநீர்க் குழாய்க்கு வரும். கல்லீரல் புற்றுக் கட்டி பல நேரம் முதல் மடையிலேயே தண்ணீர் குடித்துவிட்டு, மற்றதெல்லாம் நிரம்பும்போது வடிந்துவிடும். ஹீமாஞ்சியோமா என்ற சாதுவான ரத்தக் கட்டி ஓரத்திலிருந்து மெதுவாக உள்ளே நிரம்பிக்கொண்டு வரும். இரண்டும் சாதா படத்தில் ஒரே மாதிரிக் கருப்பாகத்தான் தெரியும். ஒன்றுக்குப் பெரிய வைத்தியம், மற்றதற்குப் பெரும்பாலும் ஒன்றுமே வேண்டாம். மேல்வயிற்று வலியோடு எடையும் குறைகிறது என்றால் டாக்டர் கணையத்தைச் சந்தேகப்பட்டுப் பார்க்கச் சொல்கிறார் என்று அர்த்தம். கணையத்தை மருந்து போடாமல் பார்ப்பது அரைகுறைப் பார்வை. நாளைக்கு ரேடியாலஜிஸ்டே "மருந்து போட்டு மறுபடி எடுங்க" என்று எழுதிவிட்டால் காசும் கதிர்வீச்சும் இரண்டு தடவை.

மருந்தே வேண்டாத ஸ்கேனும் உண்டு. கல்லடைப்பு என்று சந்தேகப்பட்டு எடுக்கிற சி.டி. கே.யு.பி.க்கு (கிட்னி, சிறுநீர்க் குழாய், சிறுநீர்ப்பை ஸ்கேன்) ஊசி தேவையில்லை, கல்லே வெள்ளையாகத் தெரியும். பித்தப்பைக் கல்லுக்கு சி.டி.யை விட சாதாரண அல்ட்ராசவுண்ட் மேல், சி.டி.யில் தெரியாமலே போகிற பித்தக் கற்கள் நிறைய. பெரியப்பா பார்த்தது அப்படி ஒரு கல் ஸ்கேனாக இருக்கலாம். அதற்கு அது சரி, உங்கள் அப்பாவுக்கு வேண்டியது வேறு.

சரி, கிட்னிக்கு வருவோம். இந்தப் பயம் ஆதாரமே இல்லாமல் வந்ததில்லை. பழைய காலத்து மருந்துகள் இப்போது இருப்பதை விட அடர்த்தியானவை, உடம்புக்குக் கடுமையானவை. அப்போது செய்த ஆராய்ச்சிகளில், ஸ்கேனுக்குப் பிறகு கிரியேட்டினின் ஏறினால் பழி முழுவதும் மருந்து மேல் விழுந்தது. மருந்து போடாத நோயாளிகளுக்கும் அதே அளவு ஏறுகிறதா என்று ஒப்பிட்டுப் பார்த்தது பிற்பாடுதான். ஒப்பிட்டபோது பெரும்பாலானவர்களிடம் வித்தியாசம் அதிகமில்லை. ஆஸ்பத்திரியில் சேர்கிற அளவுக்கு நோய் முற்றியவர்களுக்கு ஸ்கேன் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் கிரியேட்டினின் ஏறி இறங்குகிறது. 2020-ல் அமெரிக்க ரேடியாலஜி கல்லூரியும் அந்நாட்டு தேசியச் சிறுநீரக அமைப்பும் சேர்ந்து ஓர் அறிக்கை விட்டன. இந்த ஆபத்து மிகைப்படுத்தப்பட்டிருக்கிறது, உண்மையில் கவனம் வேண்டியது இ-ஜி.எஃப்.ஆர். (கிட்னி ரத்தத்தை எவ்வளவு நன்றாக வடிகட்டுகிறது என்று காட்டுகிற எண்) 30-க்குக் கீழே இருப்பவர்களுக்கும் திடீரென்று கிட்னி பழுதானவர்களுக்கும்தான் என்பது அதன் சாரம்.

இந்த இ-ஜி.எஃப்.ஆர். என்ற எண்ணைத்தான் நீங்கள் கேட்டு வாங்க வேண்டும். கிரியேட்டினினை மட்டும் பார்த்துப் பயப்படுவதிலும் அர்த்தமில்லை, நிம்மதி அடைவதிலும் அர்த்தமில்லை. 62 வயது ஆணுக்கு 1.4 என்றால் இ-ஜி.எஃப்.ஆர். சுமார் 57 வரும். அதே வயது அம்மாவுக்கு அதே 1.4 என்றால் சுமார் 42-க்கு இறங்கிவிடும், ஏனென்றால் பெண்களுக்குத் தசை குறைவு, கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. லேப் ரிப்போர்ட்டில் இந்த எண் இல்லாவிட்டால் வயதும் ஆணா பெண்ணா என்பதும் சொன்னால் டாக்டர் அரை நிமிடத்தில் கணக்குப் போட்டுவிடுவார். 57 என்பது, வேறு சிக்கல் இல்லாத வரை, மருந்து போடத் தடையாக இருக்கிற எண் இல்லை. 30-க்குக் கீழே இருந்தால்கூடக் கதவு அடைபட்டுவிடாது. நரம்பில் சலைன் ஏற்றி, மருந்தின் அளவை யோசித்து, தேவை பெரிது என்றால் எடுப்பார்கள். ஏற்கெனவே வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ் செய்கிறவர்களுக்கும் எடுக்கிறோம். அதற்காக அவசர அவசரமாகக் கூடுதல் டயாலிசிஸ் வேண்டியதில்லை.

ஒரு விஷயம் மட்டும் அழுத்திச் சொல்கிறேன். கிரியேட்டினின் ரிப்போர்ட் எப்போது எடுத்தது என்று பாருங்கள். ஆறு மாதப் பழைய காகிதத்தோடு வருகிறவர்கள் நிறைய. நடுவில் வாந்தி, பேதி, காய்ச்சல் வந்திருந்தாலோ, மூட்டு வலிக்கென்று டைக்ளோஃபெனாக் ஊசியும் மாத்திரையும் தொடர்ந்து எடுத்திருந்தாலோ அந்தப் பழைய எண்ணுக்கு மதிப்பில்லை. மஞ்சள் வெட்டு முடிந்த கையோடு வருகிற பெரியவர்கள் பலரும் வலி மாத்திரையிலேயே ஓட்டிக்கொண்டிருப்பார்கள். கேட்டால் "மாத்திரை எதும் சாப்பிடறதில்லீங்க" என்பார்கள், ஏனென்றால் மருந்துக் கடையில் வாங்குகிற வலி மாத்திரை அவர்கள் கணக்கில் மாத்திரையே இல்லை. கிட்னியைப் பொறுத்தவரை ஸ்கேன் மருந்தை விட அதுதான் எனக்குப் பயம். ஸ்கேனுக்கு முன்னும் பின்னும் இரண்டு நாளாவது அதை நிறுத்தலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

மெட்ஃபார்மின் பற்றி வீட்டுக்கு வீடு ஒரு சட்டம் வைத்திருக்கிறார்கள். மெட்ஃபார்மினும் ஸ்கேன் மருந்தும் ஒன்றோடொன்று சண்டை போடுவதில்லை. மெட்ஃபார்மின் கிட்னியைக் கெடுப்பதும் இல்லை. அது கிட்னி வழியாகத்தான் வெளியேற வேண்டும். ஒருவேளை கிட்னி நின்றுவிட்டால் உடம்பில் தேங்கி, ரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஏறிவிடும். அந்த ஒரு கண்ணியில்தான் கவலை. அதனால் இ-ஜி.எஃப்.ஆர். 30-க்கு மேல் இருந்து, திடீர்ப் பழுது ஏதும் இல்லை என்றால் நிறுத்த வேண்டியதில்லை என்கின்றன இன்றைய வழிகாட்டுதல்கள். 30-க்குக் கீழே என்றால் ஸ்கேன் அன்று நிறுத்தி, 48 மணி நேரம் கழித்துக் கிரியேட்டினின் பார்த்துவிட்டுத் தொடர வேண்டும். நம் பக்கத்துச் சென்டர்கள் பலவற்றில் எல்லோரையும் 48 மணி நேரம் நிறுத்தச் சொல்வது வழக்கம். அப்படிச் சொன்னால் அந்த இரண்டு நாள் சர்க்கரைக்கு என்ன செய்வது என்றும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள். நிறுத்தச் சொன்னதும் நிறுத்திவிட்டு, மறுபடி தொடங்க யாரும் சொல்லவில்லை என்று ஒரு மாதம் மாத்திரையே இல்லாமல் இருந்த ஒருவரைப் பார்த்திருக்கிறேன். சர்க்கரை 400 தாண்டி வந்தார்.

உங்கள் அப்பா விஷயத்தில் எனக்கு மெட்ஃபார்மினை விட அதோடு சேர்ந்திருக்கிற கிளிமிபிரைடு மேல்தான் கண். அது சர்க்கரையை வேகமாக இறக்குகிற மாத்திரை. ஸ்கேனுக்கு நான்கு மணி நேரம் வெறும் வயிறு என்பார்கள். மருந்து ஊசிக்குப் பட்டினி கட்டாயமில்லை என்று வெளிநாட்டு வழிகாட்டுதல்கள் இப்போது சொல்கின்றன. ஆனால் வாந்தி வந்தால் சிக்கல் என்று இங்கே இன்னும் கேட்கிறார்கள், அதை மதித்துப் போவதே சுலபம். கிராமத்திலிருந்து வருகிறவர்கள் அந்த நான்கு மணி நேரத்தைப் பத்து மணி நேரமாக்கிவிடுகிறார்கள். பவானிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், முதல் நாள் ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்டவர், விடிகாலை வழக்கம்போல் மாத்திரையைப் போட்டுக்கொண்டு முதல் பஸ் ஏறி வந்துவிட்டார். நாங்கள் கூப்பிடும்போது பதினொன்றரை. மேஜையில் ஏறும்போது சட்டை முதுகெல்லாம் நனைந்திருந்தது, கை நடுங்கியது. "வெயில்ல வந்ததுங்க" என்றார். அறையில் ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 48. குளுக்கோஸ் கொடுத்து, அரை மணி நேரம் உட்கார வைத்து, அப்புறம்தான் எடுத்தோம். ஆகவே காலையில் முதல் ஆளாக நேரம் கேட்டு வாங்குங்கள். அன்று காலை அந்த மாத்திரையைப் போடலாமா, சாப்பிட்ட பிறகு போடலாமா என்று டாக்டரிடம் முதல் நாளே கேட்டுவிடுங்கள். பச்சைத் தண்ணீர் குடிப்பதை நிறுத்தவே கூடாது, தண்ணீர் நல்லது. இளநீரைப் பொறுத்தவரை, கிட்னி நன்றாக இருப்பவர்கள் ஸ்கேன் முடிந்து குடிக்கலாம். கிட்னி பழுதானவர்களுக்கு அதில் உள்ள பொட்டாசியம் ஆகாது, "மருந்தைக் கழுவிடும்" என்று இரண்டு மூன்று காயை வெட்டிக் கொடுத்துவிடாதீர்கள்.

அலர்ஜிக்கு வருகிறேன். இங்கேதான் 'சொல்லாமல் விடுவது' பெரிய ஆபத்தாக முடியும்.

பெருந்துறைப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார், மகனோடு. படிவத்தில் "எதற்காவது அலர்ஜி உண்டா" என்ற கேள்விக்கு மகன் இல்லை என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். பெரியவர் முன்பு கல்லடைப்புக்கு வைத்தியம் பார்த்ததாகப் பேச்சுவாக்கில் சொன்னதால் எனக்கு ஒரு சந்தேகம். அவரிடமே கேட்டேன்: "ஏனுங்க, அப்போ கையில ஊசி போட்டு வரிசையாப் படம் எடுத்தாங்களா?" "எடுத்தாங்க சாமி." "ஊசி போட்டதும் எப்படி இருந்துச்சு?" "அங்க ஒண்ணும் இல்லீங்க. வெளிய வந்து பஸ் ஸ்டாண்டு போறதுக்குள்ள உடம்பெல்லாம் தட்டுத் தட்டாத் தடிச்சுப் போச்சு. தொண்டை அடைச்சாப்பல இருந்துச்சு. காலைல தின்ன பலகாரம் ஒத்துக்கலைன்னு இருந்துட்டேனுங்க." மகனுக்கு அது நடந்ததே தெரியாது. 'அலர்ஜி' என்ற சொல்லுக்கும் தனக்கு அன்று வந்த தடிப்புக்கும் தொடர்பு இருக்கிறது என்று பெரியவருக்கும் தெரியாது. அன்று ஸ்கேனை நிறுத்தினோம். ரேடியாலஜிஸ்ட் ஸ்டீராய்டு மாத்திரை எழுதி, ஊசிக்கு 13, 7, 1 மணி நேரத்துக்கு முன் என மூன்று வேளை போடச் சொல்லி, வேறு மருந்தை மாற்றி, டாக்டர் பக்கத்தில் நிற்க மறுநாள் எடுத்தார். ஒரு தடிப்பும் வரவில்லை.

அதனால் அப்பாவிடம் 'அலர்ஜி' என்ற சொல்லில் கேட்காதீர்கள். முன்பு எப்போதாவது ஊசி போட்டு ஸ்கேனோ படமோ எடுத்தார்களா, இதயத்துக்கு ஆஞ்சியோகிராம் செய்தார்களா, அன்றோ அடுத்த ஒரு வாரத்துக்குள்ளோ அரிப்பு, தடிப்பு, முகம் வீங்கியது, மூச்சு இழுத்தது, மயக்கம் என்று ஏதாவது வந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். முன்பு இதே வகை மருந்துக்கு ஒவ்வாமை வந்திருப்பதுதான் எல்லாவற்றையும் விடப் பெரிய எச்சரிக்கை. ஆஸ்துமா இருந்தால் சொல்ல வேண்டும். நண்டு, இறால் ஒத்துக்காது என்பதை நிறையப் பேர் பயந்துகொண்டே சொல்வார்கள். அது அவற்றில் உள்ள புரதத்துக்கு வருகிற ஒவ்வாமை, இந்த மருந்தோடு அதற்குச் சம்பந்தமில்லை. புண்ணுக்குப் போடுகிற பெட்டாடின் எரிச்சலும் அப்படித்தான். அயோடின் நம் உப்பிலும் இருக்கிறது, தைராய்டு சுரப்பிலும் இருக்கிறது; அயோடினுக்கென்று ஒவ்வாமை வருவதில்லை. ஆனால் தைராய்டு அதிகமாகச் சுரக்கிற நோய் இருந்தாலோ, தைராய்டுக்கு அயோடின் சிகிச்சை நடக்கப்போகிறது என்றாலோ கட்டாயம் சொல்லுங்கள், அதற்குக் காரணம் வேறு.

கடுமையான ஒவ்வாமை எவ்வளவு பேருக்கு வருகிறது? இப்போதைய மருந்துகளில் பத்தாயிரத்துக்கு நான்கு பேர் என்பது பெரிய ஆய்வுகள் சொன்ன கணக்கு. அரிதுதான், ஆனாலும் வந்தால் நிமிடக் கணக்கில் வைத்தியம் பார்க்க வேண்டும். அதனால்தான் ஊசி போடும்போது டாக்டர் ஒருவர் அந்த வளாகத்தில் இருக்க வேண்டும், கடுமையான ஒவ்வாமைக்கு உடனே போடுகிற அட்ரினலின் மருந்து கைக்கெட்டுகிற தூரத்தில் இருக்க வேண்டும். "டாக்டர் இருக்காருங்களா?" என்று நீங்கள் தாராளமாகக் கேட்கலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொண்டால் அந்தச் சென்டர் வேண்டாம். கையெழுத்து கேட்கிற படிவத்தைப் பார்த்து "உயிருக்கு ஆபத்துன்னு போட்டிருக்கு" என்று எழுந்து போகிறவர்கள் உண்டு. அந்த அரிதான ஒன்றைத்தான் அதில் எழுதியிருக்கிறது. படிக்கச் சொல்லிக் கேட்டு, புரிந்த பிறகு போடுங்கள்.

ஸ்கேன் அன்று என்ன நடக்கும் என்று அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பாதி பயம் போய்விடும். போனதும் ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர் தண்ணீர் கொடுத்து முக்கால் மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கச் சொல்வார்கள். சில இடத்தில் அதில் மருந்து கொஞ்சம் கலந்திருக்கும், லேசாகக் கசக்கும். சில இடத்தில் மானிட்டால் கலந்து தருவார்கள், இனிக்கும். இது குடலை விரித்துக் காட்டுவதற்கு. குடிக்காமல் செடிக்கு ஊற்றிவிட்டால் சுருங்கிக் கிடக்கிற குடல் கட்டி மாதிரியே தெரியும். மானிட்டால் குடித்தால் அப்புறம் இரண்டு மூன்று முறை வயிறு போகும். அது சாதாரணம்தான், ஆனால் ஸ்கேன் முடிந்த கையோடு கோபி பஸ்ஸில் ஏற்றிவிடாதீர்கள். ஒரு மணி நேரம் இருந்துவிட்டுக் கிளம்புங்கள்.

வேட்டி மாற்றச் சொல்வார்கள். இடுப்பில் வெள்ளி அரைஞாண் கொடி இருந்தால் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். வயிற்று ஸ்கேனில் அது சரியாக நடுவில் வந்து, நட்சத்திரம் மாதிரிக் கோடு கோடாக அடித்துப் படத்தைக் கெடுக்கும். கறுப்புக் கயிறு மட்டும் என்றால் பரவாயில்லை, அதில் கோத்த தாயத்து உலோகம் என்றால் தெரியும். பெண்களுக்குத் தாலியைக் கழற்ற வேண்டுமோ என்ற சங்கடம் வேண்டாம். தோளுக்கு மேலே தூக்கி விட்டுக்கொண்டால் போதும், கல்லீரலின் மேல்விளிம்புக்குக் கீழே தொங்காமல் இருந்தால் சரி.

முழங்கை மடிப்பில் ஊசி ஏற்றுவோம். வார்டிலிருந்து வருகிறவர்கள் "அதான் கையில ஊசி இருக்குதே" என்று கேட்பார்கள். சலைன் இறங்குகிற நீல நிற ஊசி மெல்லியது. எங்கள் மெஷின் ஒரு விநாடிக்கு 3, 4 மில்லி வேகத்தில் 80, 100 மில்லி மருந்தைத் தள்ளும். அதற்குப் பச்சையோ ரோஸ் நிறமோ வேண்டும். டயாலிசிஸுக்கு ஃபிஸ்டுலா (ரத்தக் குழாய்களை இணைத்த இடம்) போட்ட கையிலும், மார்பகப் புற்றுக்கு அறுவை செய்த பக்கத்துக் கையிலும் ஊசி ஏற்றக் கூடாது, மறக்காமல் சொல்லுங்கள். மருந்து ஏறும்போது ஊசி போட்ட இடத்தில் சுருக்கென்று வலித்தாலோ வீங்கினாலோ அப்பாவைச் சத்தம் போடச் சொல்லுங்கள். மருந்து நரம்பை விட்டுச் சதைக்குள் போகிறது என்று அர்த்தம், உடனே நிறுத்துவோம். பொறுத்துக்கொள்வது இந்த இடத்தில் உதவாது. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் பொறுத்துக்கொள்வார்கள், அதுதான் எனக்குக் கவலை.

அப்புறம் அந்தச் சூடு. மருந்து ஏறிய சில விநாடியில் தொண்டையில் தொடங்கி, வயிறு, அடிவயிறு என்று திகுதிகுவென்று சூடு பரவும். வாயில் இரும்புச் சுவை. அடிவயிற்றுக்கு வரும்போது அப்படியே ஒன்றுக்குப் போய்விட்டது போல இருக்கும். போயிருக்காது, அப்படித் தோன்றும். ஒரு முறை கூட்டம் அதிகமாக இருந்த நாளில் இதைச் சொல்ல நான் மறந்துவிட்டேன். எழுபது வயதிருக்கும் ஓர் ஆத்தா, மருந்து பாதி ஏறும்போதே எழுந்து உட்கார்ந்துவிட்டார். படம் எடுக்க வேண்டிய அந்த முப்பதாவது விநாடி போய்விட்டது. ஓடிப் போய்ப் பார்த்தால் சேலையை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டு அழுகிறார். "நனைச்சுப் போட்டேனாட்டருக்குது கண்ணு, மன்னிச்சுக்க" என்கிறார். சேலை காய்ந்துதான் இருந்தது. தவறு என்னுடையது. அன்றிலிருந்து ஒவ்வொருவரிடமும் இரண்டு தடவை சொல்கிறேன். நீங்கள் வீட்டிலேயே சொல்லிவிடுங்கள்: சூடு ஒரு நிமிடத்துக்குள் போய்விடும், அசையாமல் படுத்திருக்க வேண்டும், மூச்சைப் பிடிக்கச் சொன்னால் பத்து விநாடிக்குக் குறைவாகத்தான் பிடிக்க வேண்டியிருக்கும்.

கதிர்வீச்சு பற்றியும் கேட்டிருந்தீர்கள். மருந்தில் கதிர்வீச்சு எதுவும் இல்லை, அது எக்ஸ்-ரேயில் இருந்து வருவது; ஸ்கேன் முடிந்ததும் உடம்பில் தங்காது. பேரனைத் தூக்கலாம். வயிற்று சி.டி. ஒரு கட்டம், அதாவது வயிறு முழுவதையும் ஒரு தடவை, எடுத்தால் ஏறக்குறைய 8 முதல் 10 மில்லிசீவர்ட் (உடம்பு வாங்குகிற கதிர்வீச்சின் அளவு). மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் உலகத்தில் ஒரு மனிதருக்குச் சராசரியாக ஒரு வருடத்தில் கிடைப்பது 2.4. அதாவது மூன்று நான்கு வருடத்து இயற்கைக் கதிர்வீச்சு ஒரே தடவையில். மூன்று கட்டம் எடுத்தால் அதற்கேற்பக் கூடும். 62 வயதில், எடை குறைகிற ஒருவருக்கு, இதை நினைத்துத் தள்ளிப்போடுவது தவறு. இளம் வயதினருக்கும், மாதத்துக்கு ஒரு தடவை "எதுக்கும் ஒரு ஸ்கேன் பார்த்துக்குவோம்" என்பவர்களுக்கும்தான் இந்தக் கணக்கை நினைவூட்ட வேண்டும். கர்ப்பம் என்று சிறு சந்தேகம் இருந்தாலும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பால் கொடுக்கிற தாய்மார்கள் மருந்து ஊசிக்குப் பிறகும் பால் கொடுக்கலாம், குழந்தைக்குப் போய்ச் சேர்வது மிகமிகக் குறைவு.

முடிந்ததும் அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருங்கள். கையில் ஊசியைக் கழற்ற அவசரப்படுத்தாதீர்கள். ஏதாவது வந்தால் அது வழியாகத்தான் மருந்து கொடுக்க வேண்டும். கிட்னி சரியாக வேலை செய்பவருக்கு இரண்டு மணி நேரத்துக்குள் பாதி மருந்து வெளியேறிவிடும், ஒரு நாளில் ஏறக்குறைய எல்லாமே சிறுநீரில் போய்விடும். சிறுநீரின் நிறம் மாறாது. டாக்டர் தண்ணீரைக் கட்டுப்படுத்தச் சொல்லியிருக்காவிட்டால் வழக்கத்தை விடக் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கட்டும். ராத்திரியோ இரண்டு நாள் கழித்தோ தோலில் தடிப்பு வந்தால் சென்டருக்குத் தகவல் சொல்லி, அந்த மருந்தின் பெயரை எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மூச்சு வாங்குவது, நாக்கு வீங்குவது என்றால் சென்டருக்குப் போன் செய்து நேரத்தைக் கடத்தாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

செலவு நெருக்கினால் பெருந்துறையில் உள்ள ஈரோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் கோவை அரசு மருத்துவமனையிலும் சி.டி. எடுக்கிறார்கள், வெளியை விடக் கட்டணம் நன்றாகவே குறையும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையில் எடுத்துப் போய்க் கேளுங்கள்.

ரிப்போர்ட் வந்ததும் போனில் தேடாதீர்கள். 'ஹைப்போடென்ஸ் லீஷன்' என்றால் சுற்றி இருப்பதை விடக் கருப்பாக ஓர் இடம் தெரிகிறது என்றுதான் பொருள். அது வெறும் நீர்க்கட்டியாகவும் இருக்கலாம். 'சிம்பிள் ரீனல் சிஸ்ட்' என்பது கிட்னியில் சாதாரண நீர்க்கொப்புளம், வயதானவர்களில் ஏராளம் பேருக்கு உண்டு, பெரும்பாலும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. 'கிளினிக்கல் கோரிலேஷன்' என்று கடைசியில் எழுதியிருந்தால் மறைக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். நோயாளியைத் தொட்டுப் பார்த்த டாக்டர்தான் இதைச் சேர்த்துப் பார்த்து முடிவு சொல்ல வேண்டும் என்று அர்த்தம்.

அந்த டாக்டரிடம் போகும்போது ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது, படங்கள் உள்ள டிஸ்க்கையும் சென்டரில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அப்பாவுக்கு முன்பு எடுத்த ஸ்கேன் ஏதாவது பீரோ மேல் சுருட்டிக் கிடந்தால் தூசி தட்டி ஸ்கேன் அன்றே எடுத்து வாருங்கள். இன்று தெரிகிற ஒரு சின்னப் புள்ளி மூன்று வருடத்துக்கு முன்பும் அதே அளவில் இருந்தது என்று தெரிந்தால், ரேடியாலஜிஸ்ட் எழுதுகிற கடைசி வரி மாறிவிடும்.